லாரிக் கொண்டி போட்ட கட்டில்

சென்ற மாதம் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி அதைப் படித்தேன். ‘வீட்டு உபயோகத்துக்கான கட்டில், பக்கக் கம்பிகளுடன்: வசதிப் பொருள். பாலிசியில் வராது.’ படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. என் மருமகள் பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள்.

பின்னே, சிரிக்காமல் என்ன செய்வது? வேலை பார்த்த காலமெல்லாம் இந்த வாக்கியத்தை அடுத்தவர்களுக்குப் படித்துக் காட்டியவள் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து தலை நரைத்தவள். வசதிப் பொருள் என்றால் என்ன மேடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வைத்தியத்துக்கு அவசியமில்லாத பொருள் என்று முகத்தை மாற்றாமல் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கே வந்துவிட்டது, யாரிடம் போய்க் கேட்பது?

அதே டெஸ்க்கில் இப்போது உட்காரும் திவ்யா அன்று சாயந்திரம் என் வார்டுக்கு வந்தாள். நல்ல பெண், வாய் கொஞ்சம் நீளம். “உங்க காலத்துல போன் போட்டு சண்டை போட ஒரு ஆளாவது இருந்தாங்க மேடம். இப்ப கம்ப்யூட்டரே வேணான்னு சொல்லிடுது. திட்டணும்னாகூட யாரைத் திட்டறதுன்னு தெரியல. நீங்க எப்படி சமாளிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க, நாங்க படிக்கிறோம்” என்றாள். படுத்துக் கிடக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? எழுதுகிறேன். சண்டை போட்டு ஜெயித்த கதையை எதிர்பார்த்தால் திவ்யா ஏமாந்துபோவாள், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா கவரைப்பேட்டை பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், பிறகு ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். ஜெயசீலி என்று எனக்குப் பெயர் வைத்து, டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். டைப் அடிக்கத்தான் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பில் போடும் பெண் கல்யாணமாகிப் போனாள், என்னை அந்த நாற்காலிக்கு மாற்றினார்கள். தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்க ஆரம்பித்தபோது, இங்கிலீஷில் வரும் கடிதத்தைப் படிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு அனுப்பினார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வரதராஜுலு சாரிடம் கற்றது.

வரதராஜுலு சார் எங்கள் டெஸ்க்கின் தலைவர். அதற்கு முன் ஏதோ ஒரு காப்பீட்டு ஆபீஸில் இருந்தவர். வேண்டாம், வராது, முடியாது என்று எழுதி எழுதிக் கை சலித்துப்போய் இந்தப் பக்கம் வந்துவிட்டேன் என்பார். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வருவார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. யாரைப் பார்த்தாலும் நைனாதான் அவருக்கு. பெரியவர், சின்னவர், ஆண், பெண் எல்லோரும் நைனா. சேர்ந்த புதிதில், “சார், நான் பொம்பளை” என்று சொல்லிப் பார்த்தேன். “அதனால இன்னா நைனா?” என்றார். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

காலையில் வந்ததும் நாற்காலியில் உட்கார மாட்டார். கேண்டீனில் நின்றபடியே நாஷ்டாவை முடித்துக்கொண்டு நேரே வார்டுக்குள் போவார். ஒவ்வொரு கட்டிலாக நின்று, பக்கக் கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கம்பியை நிறுத்தும் கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா, ஆடுகிறதா என்று பார்ப்பது நர்ஸ் வேலை, எங்கள் வேலை இல்லை. அவர் பார்ப்பார். என்னையும் கூட்டிப்போவார். “கட்டிலப் பாத்துட்டு வந்து பில்லத் தொடு நைனா” என்பார். ஆரம்பத்தில் எனக்கு இது பேஜாராக இருந்தது. பில்லில் எழுதியிருக்கிறதை வைத்துப் பில் போட்டால் போதாதா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போவேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் வைத்து ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, என்ன நோய், என்ன வைத்தியம், எத்தனை செலவாகும் என்று முதலில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் அனுப்பினால் இன்னொரு கேள்வி. கடைசியில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகுதான் பெரிய கூத்து. பைனல் பில்லை அனுப்பிவிட்டு, அப்ரூவல் வருகிற வரைக்கும் அந்தக் குடும்பம் பக்கெட், பாய், பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாவற்றையும் கட்டி வைத்துக்கொண்டு என் டெஸ்க்குக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கும். அப்ரூவல் வரும்போது சில வரிகள் அடிபட்டு வரும். கையுறை, பெட் பேன், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, இடுப்புப் பட்டை என்று ஒவ்வொன்றாக. அடிபட்டது எல்லாம் அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது. அதைப் படித்துச் சொல்வது என் வேலை.

ஒரு சமயம் ஆஸ்பத்திரிக்குப் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். அதை எழுதிய புண்ணியவான் கட்டில் என்றால் என்ன என்று பார்த்ததில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் பிரித்துவிட்டான். ரூம் வாடகை ஒரு வரி, சைடு ரெயில், அதாவது பக்கக் கம்பி, ஒரு வரி. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? ரூம் வாடகையிலேயே கட்டில் அடக்கம், கம்பிக்குத் தனியாகத் தர மாட்டோம் என்று அடித்துவிட்டான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அடித்த வரி நோயாளி தலையில் வந்து விழுந்தது. அதைக் கட்டிவிட்டுப் போன யாரோ ஒருவர் பக்கத்துக் கட்டிலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வார்டில் ஒரு சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆட்டோ மீட்டர் மாதிரி, கம்பியை ஏற்றி வைத்திருக்கிற நேரத்துக்கெல்லாம் காசு ஏறும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். டாக்டர் வந்தால் ஏற்றுவது, போனதும் இறக்குவது. அதைவிட வேடிக்கை, என்னைக் கண்டால் இறக்குவது. பில்காரம்மா வர்றாங்க என்று ஒரு குரல் வரும், கடகடவென்று எல்லாக் கம்பியும் இறங்கும். எனக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து முனுசாமி என்று ஒரு பெரியவர் சேர்ந்திருந்தார். சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்தவர், காய்ச்சலில் நினைவு தடுமாறிக் கிடந்தார். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய மகள் சரோஜா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். பெரியவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது, எழுந்து காலை வைத்தார், கம்பி இல்லை, நேராக மகள்மேலேயே விழுந்தார். சத்தம் கேட்டு நானும் சாரும் ஓடினோம். பெரியவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. சரோஜாவின் மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, “எங்க நைனாவுக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று அப்பாவைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“கம்பிய ஏன்மா எறக்கி வச்ச?” என்றார் சார்.

“தனியா காசு போடறீங்களாமே சார். டாக்டரு வந்தா மட்டும் ஏத்திகினு, அப்பால எறக்கிகினு இருந்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.”

சார் நேராக டெஸ்க்குக்கு வந்து ஒரு பில்லை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நானும் வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. “டாக்டர், கட்டிலுக்குக் காலு தனியா, பலகை தனியான்னு பில்லு போடுவமா? கம்பியும் கட்டில்தான டாக்டர்” என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்றைக்கே அந்த வரி போய்விட்டது. பெரிய டாக்டருக்கு நான் இந்த விஷயத்தில் எப்போதும் நன்றி சொல்வேன், அவர் ஒரு நிமிஷம்கூட வாதாடவில்லை. சார் கட்டில் கட்டிலாகப் போய், “கம்பிக்குக் காசு இல்ல, ஏத்திகினு நிம்மதியா தூங்குங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் எதற்காகக் கம்பியை இழுத்துப் பார்க்கிறார் என்று நான் அதற்கப்புறம் முணுமுணுத்ததில்லை.

இனி டில்லிபாபுவின் விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது அந்த ஒரு கேஸுக்குத்தான்.

டில்லிபாபு ஒரு இரும்பு ரோலிங் மில்லில் வேலை செய்த இளைஞன். ஷிப்ட் முடிந்து பைக்கில் போகும்போது ரோட்டோரம் நின்ற டிரெய்லரின் பின்னால் மோதிவிட்டான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தது. சென்னையில் மண்டையில் ஆபரேஷன் செய்து, உயிர் தப்பியதும், மீதி வைத்தியத்துக்கு எங்களிடம் அனுப்பினார்கள். அவன் மனைவி கஸ்தூரிக்கு ஊர் பெரியபாளையம். கோயில் வாசலில் அவளுடைய அம்மா வேப்பிலையும் தேங்காயும் விற்கிற கடை வைத்திருந்தாள். கஸ்தூரிக்கு வேறு துணை கிடையாது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, வார்டே வீடாகக் கிடந்தாள்.

டில்லிபாபுவுக்கு நினைவு வந்தது, ஆனால் அறிவு முழுதாகத் திரும்பவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. திடீரென்று எழுந்து ஷிப்டுக்குக் கிளம்புவான். கம்பி இருந்ததால் தப்பித்தான். கம்பியில் மோதி மோதி முழங்கை எல்லாம் கன்றிப்போய், சிஸ்டர்கள் கம்பிக்குத் துணி சுற்றி வைத்தார்கள். மெல்ல மெல்லத்தான் சரியாகும், மாதக்கணக்கில் ஆகலாம், அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பக்கத்தில் கம்பி வைத்த கட்டில் வேண்டும். ஆபரேஷன் செய்த இடத்தில் இன்னும் எலும்பு மூடாத மண்டை, இன்னொரு தடவை விழுந்தால் பிழைக்க மாட்டான்.

அந்த மாதிரிக் கட்டில் கஸ்தூரியால் வாங்கக்கூடியது இல்லை. மில்லின் இன்சூரன்ஸில் கேட்டோம். பதில் வந்தது, என் போனுக்கு இப்போது வந்த அதே பதில். வசதிப் பொருள். நான் அதைக் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன்.

“பரவால்ல மேடம். எங்கூட்ல பழைய பொடவ நெறய கீது. ராத்திரியானா கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டுடறேன். பகல்ல நான் புடிச்சிகினு ஒக்காந்துக்கிறேன்.”

பக்கத்தில் நின்ற வார்டு சிஸ்டர், அந்த மாதிரிக் கட்டவே கூடாது, முறுக்கிக்கொண்டு கழுத்தில் மாட்டினால் என்ன செய்வாய் என்று சத்தம் போட்டார். “அப்ப நான் இன்னா சிஸ்டர் பண்றது?” என்று கேட்டாள் கஸ்தூரி.

சார் போனை எடுத்தார். அவர் கம்பெனிக்குப் போன் பேசுகிற விதத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் வரவில்லை, எனக்கே வரவில்லை. க்ளெய்ம் நம்பரை முதலில் சொல்ல மாட்டார். “நான் டில்லிபாபுன்னு ஒரு பையனப் பத்திப் பேசறேன்” என்று ஆரம்பிப்பார். குரல் உயராது. நோயாளி எங்கே படுத்திருக்கிறான், யார் பக்கத்தில் இருக்கிறார்கள், என்ன செய்கிறான் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் கடைசியில் நம்பரை அவராகவே கேட்பார். அன்றைக்கு மறுமுனையில் பேசியது கம்பெனியின் டாக்டர். நல்ல மனிதர். நீங்கள் சொல்வது புரிகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும் கட்டிலுக்கு நாங்கள் கொடுக்கிறோம், வீட்டுக்குப் போனபின் கொடுக்க இந்தப் பாலிசியில் இடமே இல்லை, நான் கையெழுத்துப் போட்டாலும் மேலே நிறுத்திவிடுவார்கள் என்றார். சார் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றவனுக்கு எதற்கு நன்றி?

மருத்துவச் சாமான் விற்கிற ஒரு ஆள் அப்போது எங்கள் டெஸ்க்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னான். “இதுக்கா மேடம் கவலைப்படறீங்க? கட்டில நான் தர்றேன். பில்லுல ஆபரேஷன் சாமான்னு வேற பேர் போட்டுக்கலாம். யார் வந்து பாக்கப்போறாங்க?”

எனக்கு அது சாமியே வந்து சொன்ன மாதிரி இருந்தது. சாரிடம் ஓடினேன்.

“வேணாம் நைனா” என்றார்.

“ஏன் சார்? நல்ல காரியத்துக்குத்தான?”

“நல்ல காரியம்தான். கண்டுபிடிச்சான்னா அப்பால இந்த ஆஸ்பத்திரி பேர்ல வர்ற ஒவ்வொரு பைலையும் தனியா எடுத்து வச்சிகினு நோண்டுவான். அடுத்து வர்றவன் நெஞ்சு வலியோட வருவான். அவன் அப்ரூவலுக்கு எவ்ளோ நேரம் காத்துகினு கெடப்பான், சொல்லு.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “உங்க நேர்மை அந்தப் பையன் கீழ விழாம புடிச்சிக்குமா சார்?” என்று கேட்டுவிட்டேன். டெஸ்க்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் என்னைத் திட்டவில்லை. “புடிக்காது நைனா. கட்டிலுதான் புடிக்கும். வா, கட்டிலத் தேடலாம்” என்று எழுந்துவிட்டார். அன்று சாயந்திரம் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா ஒரு முழம் பூவை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் பழைய கட்டில்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் கம்பி உடைந்தோ கழன்றோ போயிருந்தது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுபோனதால்தான் ஒதுக்கினார்கள். அதில் ஒன்றை இரவலாகக் கொடுக்கப் பெரிய டாக்டர் சம்மதித்தார். கம்பிக்கு என்ன செய்வது என்று நாங்கள் நிற்கும்போதுதான் பாஷா பாய் வந்தார். டில்லிபாபுவின் மில்லில் ஃபேப்ரிகேஷன் பார்க்கிறவர். வாரம் தவறாமல் டில்லிபாபுவைப் பார்க்க வருவார். கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், தட்டிப் பார்த்தார். “கம்பிதான? இரும்பு வேலை செய்றவன்கிட்ட கேக்க வேண்டியதத் துட்டுக்காரன்கிட்ட கேட்டுகினு கீறீங்களே” என்று சொல்லிவிட்டுக் கட்டிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த கட்டிலைப் பார்த்து எங்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஜன்னல் கிரில், வாசல் கேட் செய்தே பழகிய கைகள் இல்லையா? இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு முறுக்குக் கம்பி, நாலு மூலையிலும் சேர்த்து வெல்டிங், மேலே பூ டிசைன் வேறு. கறுப்புப் பெயின்ட்டின் வாசனைகூடப் போகவில்லை. “யான மோதினாலும் அசையாது” என்றார் பாய் பெருமையோடு.

“யானையப் படுக்க வைக்கலியே பாய்” என்றார் சிஸ்டர். கம்பிகளின் இடைவெளியில் முழங்கையை மடக்கி நுழைத்துக் காட்டினார். அந்தச் சந்தில் தலை போகும், போனால் திரும்பி வராது என்றார். கஸ்தூரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே ஒரு ஆள் படுத்திருப்பதாக நினைத்து, கையை நீட்டிப் பார்த்தாள். கம்பிக்கு மேலே எட்டவில்லை. “இது உள்ள அவரு இருந்தா நான் எப்டிண்ணா சோறு ஊட்டறது?” என்று பாயைக் கேட்டாள்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். சிறிது நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மனிதர் அவர் கொண்டுவந்த லாரியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். லோடு இறக்குகிற ஆள் பின்கதவின் கொண்டியைத் தட்டினான், கதவு தடால் என்று கீழே தொங்கியது. தூக்கி நிறுத்தினான், கொண்டி போட்டான், நின்றது. பாய் அந்த ஆளிடம், “இன்னொருவாட்டி தொற” என்றார். திறந்தான். “மூடு” என்றார். மூடினான். இப்படியே அவனைப் படுத்தி எடுத்துவிட்டு, கட்டிலை மறுபடியும் லாரியில் ஏற்றச் சொன்னார்.

அடுத்த தடவை வந்த கட்டிலில் பூ டிசைன் இல்லை. சந்து குறுகலான கம்பிகள், முனை எல்லாம் வழவழவென்று ராவியது, பக்கக் கதவு கீழே கீல் வைத்து, மேலே இரண்டு முனையிலும் லாரிக் கொண்டி. தட்டினால் மடிந்து இறங்கும், தூக்கினால் டக் டக் என்று இரண்டு சத்தத்தோடு விழுந்து பூட்டிக்கொள்ளும். டில்லிபாபு படுத்தபடியே கை நீட்டிக் கழற்ற முடியாதபடி கொண்டி வெளிப்பக்கம் இருந்தது. சிஸ்டர் அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

அப்போது வரதராஜுலு சார் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் ஏறிப் படுத்தார். “ஏத்து பாய்” என்றார். கம்பி ஏறியது. இந்தப் பக்கம் உருண்டு மோதினார், அந்தப் பக்கம் உருண்டு மோதினார். காலைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி, “கஸ்தூரி, அவன இட்டுகினு போம்மா” என்றார்.

கஸ்தூரி கம்பியை இறக்கினாள், ஏற்றினாள். மறுபடியும் இறக்கினாள், ஏற்றினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சார் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவன் எழுந்து நடந்த பிறகு, கட்டிலை வீட்டில் போட்டு வைக்கக் கூடாது, அடுத்து யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போக வேண்டும். “சத்தியமா சார்” என்றாள் அவள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். டில்லிபாபு மெல்லத் தேறி, பழைய வேலைக்குப் போக முடியாவிட்டாலும், மாமியார் கடையில் உட்காரும் அளவுக்கு வந்தான். கட்டில் கிளம்பியது. யாருக்காவது அந்த வசதிப் பொருள் பதில் வந்தால் நான் கஸ்தூரிக்குப் போன் போடுவேன், இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். பொன்னேரிக்குப் போயிற்று, ஆரம்பாக்கத்துக்குப் போயிற்று. எங்கே போனாலும் பாய் போய் கொண்டிக்கு எண்ணெய் விட்டு வருவார்.

ஒரு தடவை மீஞ்சூருக்கும் போயிற்று. வரதராஜுலு சாருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சுக் குழறி, கடைசி மாதங்களில் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். பார்க்கப் போனேன். கம்பியை ஒரு இழுப்பு இழுத்துக் கொண்டி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். நல்ல கையால் கம்பியைத் தட்டி, “பாலிசில... வராது நைனா” என்றார், வார்த்தை வார்த்தையாக. இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு முடியாது என்ற டாக்டருக்கு ஏன் நன்றி சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன், கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. உண்மையைச் சொன்னவரிடம் கோபித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த கதவைப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். எனக்கு இது புரிய அவ்வளவு காலம் பிடித்தது.

திவ்யா, இப்போது என் கதைக்கு வருகிறேன். குறுஞ்செய்தி வந்த அன்று நான் யாருக்கும் போன் போடவில்லை. ஏனோ கூச்சமாக இருந்தது. டெஸ்க்கில் நான் விட்டுவிட்டு வந்த கஸ்தூரி நம்பருக்கு நீதான் போட்டிருக்கிறாய் என்று பிறகுதான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபோது என் அறையில் அந்தக் கட்டில் ஏற்கெனவே போட்டிருந்தது. எத்தனையோ பேர் படுத்து எழுந்து பெயின்ட் உதிர்ந்த அதே கட்டில். கஸ்தூரி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நரை விழுந்துவிட்டது. அவளோடு, மினி லாரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு ஆள் கொண்டியைத் தட்டித் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியோரம் பழைய தழும்பு.

என்னைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். டில்லிபாபு கம்பியைத் தூக்கினான். டக், டக் என்று விழுந்தது. ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

“இதுல நானு ரொம்ப நாளு இருந்தேன்னு சொல்றாங்கம்மா. ஆஸ்பத்திரி, நீங்க, அந்த மீஞ்சூர் சாரு, எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல” என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். “நல்லா தூங்கினேனாம்மா நானு, இதுல?”

கஸ்தூரி துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நல்லாத் தூங்கினப்பா” என்றேன். “உம் பொண்டாட்டியும் தூங்கினா.”

அவன் தலையாட்டிக்கொண்டே கம்பியில் கையை வைத்தான். “அப்ப நீங்களும் தூங்குங்க” என்றான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.